கடைமடைக் காடு: புன்னைக்காயல் பக்கம் ஒரு சுற்று

தைப்பூசத்துக்கு முந்தின வாரக்கடைசியில் தாமிரபரணியோடு இறங்கிக் கடல் வரைக்கும், முகத்துவாரத்து அலையாத்திக் காட்டைப் பார்க்கப் போய்வந்தோம். நான், பெரியப்பா மகன் (எனக்குத் தம்பி), அவனுடைய பழைய பைக். ராத்திரி ராத்திரி எழுதி வைத்ததைத்தான் போடுகிறேன். வெயிலில் கறுத்து, முழங்கால் வலியோடு வந்து சேர்ந்த பயணம், அதனால் அங்கங்கே சலிப்பும் தெரியும்.

பிப்ரவரி 7, வெள்ளி: பாளையங்கோட்டை, ஸ்ரீவைகுண்டம், ஏரல்

பாளையங்கோட்டையை விட்டு வெளியே வரவே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. கால்வாய்த் திறப்பு விழாக் கூட்டம், வழியெல்லாம் கொடி. ஒதுங்கி நின்ற டீக்கடையில் பேச்சு முழுக்க நதிநீர் இணைப்புக் கால்வாயைப் பற்றித்தான். 2009இல் வேலை தொடங்கியது. தாமிரபரணியில் வரும் வெள்ள உபரியைக் கன்னடியன் அணைக்கட்டிலிருந்து சாத்தான்குளம், திசையன்விளை பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டுக்கு, 75 கிலோமீட்டர் வெட்டிக் கொண்டுபோகிற திட்டம். வடை போட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம்: "இனிமே கடலுக்கு ஒரு சொட்டு வீணாப் போவாது, பாத்துக்கிடுங்க."

அந்தத் தேரியில் தண்ணீருக்கு மக்கள் படும் பாட்டைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். கால்வாயின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் கடலுக்குப் போவதெல்லாம் வீண் என்ற கணக்கு மட்டும் உறுத்தியது. டீ 12, வடை 8. வடை நன்றாகவே இருந்தது.

ஸ்ரீவைகுண்டம் அணைக்குப் போனபோது மணி பதினொன்று. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் இதுதான் கடைசி. 1870களில் கட்டியது. இங்கிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு பக்கமும் தண்ணீர் பிரிகிறது. வயலுக்கு, குளத்துக்கு, குடிநீருக்கு, தொழிற்சாலைக்கு. இதற்குக் கீழே கணக்கில் எழுதுகிற ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், எதுவும் கிடையாது. டிசம்பர் மழை முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அணையின் மேல் ஒரு விரல்கடை தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கீழே பச்சை வேட்டிக்காரர்கள், திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள், கும்பலாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் காலில் கொப்புளத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, கேட்காமலே எங்களுக்கு ஒரு கைப்பிடி பொரிகடலை கொடுத்தார்.

அணைப்பக்கம் நின்ற லஸ்கர் (மதகு திறந்து மூடுகிறவர்) ஒருவரிடம், மார்ச் ஏப்ரலில் எவ்வளவு தண்ணீர் கீழே இறங்கும் என்று கேட்டேன். சிரித்தார். "எறங்குமா? இங்கயே பத்தாது சார்."

மத்தியானச் சாப்பாடு ஒரு மெஸ்ஸில். சாப்பாடு 90, கூட்டுக்குப் பதில் அவியல், அப்புறம் ஒரு கரண்டி சொதி கேட்டால் முகம் சுளிக்காமல் ஊற்றினார்கள். சுவரில் இடுப்புக்கு மேலே ஒரு பழுப்புக் கோடு. 2023 டிசம்பர் வெள்ளம் நின்ற மட்டம் அது. வெள்ளையடித்தும் அந்தக் கோட்டை விட்டுவிட்டுத்தான் அடித்திருக்கிறார்கள். அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு இந்தப் பக்கத்திலேயே நின்றுபோனது. "அன்னைக்குத் தண்ணிய யாரும் வீணாப் போவுதுன்னு சொல்லல" என்றான் தம்பி, சொதியை உறிஞ்சிக்கொண்டே.

திருச்செந்தூரில் தங்க இடம் கேட்டால் தைப்பூச விலை சொன்னார்கள். அதனால் ஏரலில் ஒரு சின்ன லாட்ஜ், 700 ரூபாய். கொசு இலவசம்.

பிப்ரவரி 8, சனி: ஆத்தூர், சேர்ந்தபூமங்கலம், புன்னைக்காயல்

காலையில் நல்ல பனி. ஆத்தூர் தாண்டும்போது இரண்டு பக்கமும் வெற்றிலைக் கொடிக்கால். ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை ஒரு கொடிக்கால்காரர் பெருமையாகச் சொன்னார். அதே மூச்சில், கோடையில் கிணற்றுத் தண்ணீர் கரிக்கத் தொடங்கிவிடுகிறது என்றும் சொன்னார். ஆற்றில் மேலிருந்து நல்ல தண்ணீர் தள்ளிக்கொண்டு வராவிட்டால் கடல் உள்ளே ஏறும். நிலத்தடியிலும் அதே தள்ளுமுள்ளுதான்.

சேர்ந்தபூமங்கலத்தில் ஐந்து நிமிடம் நின்றோம். நவகைலாயத்தில் கடைசிக் கோவில். அகத்தியரின் சீடர் உரோமசர் ஆற்றில் விட்ட ஒன்பது தாமரைகளில் கடைசிப் பூ வந்து சேர்ந்த இடம் இது என்று கதை. பொதிகையில் விட்ட பூ இந்த ஊர் வரைக்கும் தடையில்லாமல் மிதந்து வந்தது அந்தக் காலம். இன்றைக்கு எட்டு அணைக்கட்டைத் தாண்டி வரவேண்டும்.

புன்னைக்காயல் பரதவர் ஊர். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலை 1578இல் கொண்டுவந்த போர்ச்சுக்கல் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் இங்கே தங்கிப் பணியாற்றியவர். இப்போதைய புன்னைக்காயலில் நுழைந்ததும் கண்ணில் படுவது வலை, வள்ளம், ஐஸ் பெட்டி. படகுக்கு முதலில் 1500 கேட்டார்கள், ஆயிரத்துக்கு ஒரு அண்ணாச்சி ஒத்துக்கொண்டார். ஐம்பது வயது இருக்கும். காட்டைப் பார்க்க வந்தோம் என்றதும் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "பிச்சாவரம்லாம் போவாம இங்க எதுக்கு சார் வந்திய?"

முகத்துவாரத்தில் ஆறு பல கிளையாகப் பிரிந்து மன்னார் வளைகுடாவில் சேருகிறது. நடுவே திட்டுத் திட்டாக அலையாத்தி, அதாவது கண்டல் மரங்கள். பிச்சாவரம் மாதிரி படகுத்துறை, டிக்கெட், லைஃப் ஜாக்கெட் எதுவும் கிடையாது. மரங்களும் பெரிய உயரமில்லை. பெரும்பாலும் வெண்கண்டல்தான். கண்டல் வகையிலேயே உப்பை அதிகம் தாங்கக்கூடியது அது. வேறு வகைகள் முகம் காட்டாமல் இது மட்டும் தாக்குப்பிடித்து நிற்கிறது என்றாலே அந்த மண்ணில் உப்பு எவ்வளவு என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு குறுகலான ஓடைக்குள் ஆசையாகப் போகச் சொன்னேன். பத்தரை மணிக்குப் படகு தட்டி நின்றது. அண்ணாச்சி மோட்டாரைத் தூக்கிவிட்டுக் கம்பை ஊன்றித் தள்ளிப் பார்த்தார். தம்பி இறங்கித் தள்ளினான். ஒரு சாண் நகர்ந்தது, அவ்வளவுதான். "தண்ணி வத்திட்டு. ஏறுனாத்தான் நவளும்" என்று சொல்லிவிட்டு அவர் பீடியைப் பற்றவைத்தார். எப்போது ஏறும்? "ஒரு மணி, ஒன்றரை." எங்களிடம் ஒரே ஒரு தண்ணீர் பாட்டில். காற்று சுத்தமாக இல்லை.

வேறு வழியில்லாமல் இறங்கினோம். முதல் அடியிலேயே முழங்கால் வரை உள்ளே போய், என் வலது செருப்பு சேற்றோடு போயே போய்விட்டது. (240 ரூபாய், போன மாதம் வாங்கியது.) சேறு கிளறியதும் அழுகின முட்டை நாற்றம். அந்த மண்ணுக்குள் காற்றே கிடையாது. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா கடல்நீரில் இருக்கும் சல்பேட்டை எடுத்துக்கொண்டு விடுகிற வாயு அது. அங்கே வேர் எப்படி மூச்சு விடும்? அதற்காகத்தான் மரத்தைச் சுற்றிலும் மண்ணிலிருந்து நேராக மேலே கிளம்பி நிற்கின்றன மூச்சுவேர்கள், சீவி நட்ட பென்சில்கள் போல. ஆளுயர மரத்துக்கே ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒன்றைத் தடவிப் பார்த்தேன். உள்ளே பஞ்சு மாதிரி அமுங்குகிறது, தோலில் பொடிப்பொடியாகத் துளைகள். தண்ணீர் வற்றியிருக்கும் இந்த மணி நேரங்களில் அதன் வழியாகத்தான் அடிவேருக்குக் காற்று இறங்குகிறது. நாங்கள் மாட்டிக்கொண்ட நேரம் மரம் மூச்சு வாங்குகிற நேரம்.

ஒரு மரத்தடியில் கிழிந்த நைலான் வலை ஒன்று மூச்சுவேர்களின் மேல் போர்த்திக் கிடந்தது, அதன் மேல் சேறு படிந்து மூடியிருந்தது. அந்தப் பக்கம் மட்டும் இலை மஞ்சள். அண்ணாச்சி எதுவும் பேசாமல் கத்தியை எடுத்து வலையை அறுத்துச் சுருட்டிப் படகில் போட்டார். வெள்ளத்தில் வந்த குப்பையும் கொஞ்சநஞ்சமில்லை. பிளாஸ்டிக் குடம், மெத்தைப் பஞ்சு, ஒரு பள்ளிக்கூடப் பை. மேட்டிலிருந்து வருகிற வண்டலையும் இந்த வேர்கள் இப்படித்தான் பிடித்து நிறுத்துகின்றன. குப்பை என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது.

இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளையாகப் பொடி. தம்பி நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "அண்ணே, அப்பட்டமான உப்பு." பெரும்பகுதி உப்பை வேரே வடிகட்டி வெளியே நிறுத்திவிடுகிறது. மீறி உள்ளே வந்ததை இலையில் இருக்கும் சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. இதற்கெல்லாம் மரம் தன் சக்தியைச் செலவழிக்க வேண்டும். தண்ணீரில் உப்பு ஏற ஏற வளர்ச்சிக்கு மிஞ்சுவது குறையும். குட்டை மரங்களின் ரகசியம் அதுதான்.

மரங்களுக்கு நடுவே கன்றுகள். இந்த மரத்தின் விதை காய்க்குள் இருக்கும்போதே முளைவிடத் தொடங்கிவிடும். மழைக்காலத்தை ஒட்டி உதிர்ந்து, தண்ணீரில் மிதந்து, சேறு கண்ட இடத்தில் ஊன்றிக்கொள்ளும். பச்சையான தடித்த விதையிலைகளோடு வரிசையாக நின்றன. அண்ணாச்சி சொன்னார்: "ஆத்துல மழத்தண்ணி நல்லா வார வருசம் குருத்து நெறையப் புடிக்கும். வராத வருசம் கோடைக்குள்ள கருகிரும். எறாவும் அப்படித்தான். கலங்கத் தண்ணி வந்தாத்தான் எறா."

எனக்கு அவரிடம் கேட்க வேண்டியது முழுக்க அந்த நாலு வாக்கியத்தில் வந்துவிட்டது. இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் ஓதத்தோடு (கடல் தண்ணீர் ஏறும்போது) இந்த ஓடைகளுக்குள் வந்து, வேர் நடுவில் ஒளிந்து, மக்கின இலைத்துணுக்கைத் தின்று வளர்ந்து, பெரிசானதும் கடலுக்குத் திரும்பும். களிநண்டு, மடவை, கொடுவா எல்லாவற்றுக்கும் இந்தக் காடு ஏதோ ஒரு வயதில் வேண்டியிருக்கிறது. ஆற்றுத்தண்ணீர் வராவிட்டால் காடு குட்டையாகும், கன்று கருகும், அப்புறம் வலையில் விழுவதும் குறையும். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே ஆயக்கட்டு இல்லை என்று நேற்று எழுதிவிட்டேன் அல்லவா, பட்டா இல்லாத பாசனக்காரன் ஒருவன் இருக்கிறான். ஆற்றின் உண்மையான கடைமடை இதுதான். வயலின் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் ரோட்டை மறிப்பார்கள். இதற்காக யார் மறிப்பது?

தம்பி சுனாமியைப் பற்றிக் கேட்டான். 2004இல் பிச்சாவரத்துக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்பது உண்மை. அதற்காக எந்தக் கண்டல் காடும் எந்த அலையையும் தடுத்துவிடும் என்று சொல்லக்கூடாது. காட்டின் அகலம், அடர்த்தி, அலையின் உயரம் எல்லாம் சேர்ந்த விஷயம். இங்கே இருப்பது சில இடத்தில் ஒரு தெரு அகலம்தான். புயல் அலையின் வேகத்தைக் குறைக்கும், கரையை அரிக்க விடாமல் பிடிக்கும். அதுவே பெரிசு.

பன்னிரண்டு மணிக்கு அண்ணாச்சி தூக்குச்சட்டியைத் திறந்தார். பழைய கஞ்சி, சின்ன வெங்காயம், சுட்ட நெத்திலிக் கருவாடு. ஒரு ஆளுக்கான சாப்பாடு. மூடியில் ஊற்றி முதலில் எங்களிடம் நீட்டினார். வேண்டாம் என்றதற்கு, "நீங்க குடிக்காட்டி நான் எப்படிக் குடிக்க?" என்றார். குடித்தோம். எங்கள் காலடியில் ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள சின்ன நண்டுகள் வளைக்கு வெளியே வந்து அந்தக் கொடுக்கை ஆட்டிக்கொண்டிருந்தன. யாராவது அசைந்தால் அத்தனையும் ஒரே நொடியில் உள்ளே.

ஒன்றே கால் மணிக்குத் தண்ணீர் ஏறி, படகு தானாக ஆடியது. கரைக்கு வந்து ஆயிரத்துக்கு மேல் இருநூறு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றார். "மாட்டுனது ஓடை. அதுக்கு நீங்க எதுக்குக் காசு தரணும்?" கடைசியில் தம்பி சட்டைப்பையில் திணித்துவிட்டு ஓடிவந்தான். நான் ஒற்றைச் செருப்போடு பின்னால் நடந்து வந்தேன்.

ராத்திரி ஏரலில் புரோட்டா, சால்னா. இரண்டு பேருக்கு 190. முழங்கால் விண்ணென்று தெறிக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு: பழையகாயல்

ஞாயிற்றுக்கிழமை புன்னைக்காயலில் யாரும் கடலுக்குப் போவதில்லை, எல்லோரும் தேவாலயத்தில் பூசைக்கு. அதனால் ஆற்றின் வடகரைக்குத் தாண்டிப் பழையகாயல் போனோம். புதுச் செருப்பு 180. முந்தினதைவிட நன்றாக இருக்கிறது.

வழியில் பைக் பஞ்சர். சீமைக்கருவேல முள். கரையோரம் எங்கே பார்த்தாலும் அதுதான், கண்டலுக்குப் பின்னால் காலி மேடு கிடைத்த இடமெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிறது. உச்சி வெயிலில் முக்கால் மைல் உருட்டினோம். பஞ்சர் கடைக்காரர் ஞாயிறு என்று கடை சாத்தியிருந்தவர், வீட்டிலிருந்து வந்து ஒட்டிக்கொடுத்து, 80 ரூபாய் வாங்கிக்கொண்டு, மோரும் கொடுத்தார்.

பழையகாயல் பக்கம் உப்பளங்கள். மழைக்குப் பின் பாத்திகளைச் சீர் செய்கிற சமயம், உப்பு வாருவது இன்னும் சூடு பிடிக்கவில்லை. ஞாயிறானாலும் வேலை நடந்தது. வரப்பில் உட்கார்ந்து பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் எங்களுக்கும் இரண்டு கொடுத்தார். மஞ்சள் போட்டு அவித்தது, நாரில்லாமல் நல்ல கிழங்கு. அவரிடம் ஓடைப்பக்கம் காடு எப்போதும் இவ்வளவுதானா என்று கேட்டேன். "நாங்க சின்னப்புள்ளைல விறகுக்கு வருவோம். அப்பம் உள்ள போயிட்டா வழி தெரியாது" என்றார். விறகுக்கு வெட்டியதையும் மறைக்கவில்லை.

உப்பளத்தின் வரப்புக்கும் ஓடைக்கும் நடுவில் ஒரு பட்டை நிலத்தில் உமரி என்கிற உப்புநிலச் செடி மட்டும் சிவந்து கிடந்தது. அதில் பட்டுப்போன கண்டல் குச்சிகள். வரப்புப் போட்டால் ஓதம் ஏறி இறங்குவது நின்றுபோகும். தேங்கின தண்ணீர் வெயிலில் ஆவியாகி உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். அப்புறம் வெண்கண்டலால்கூட முடியாது. பிச்சாவரத்திலும் முன்பு இதே மாதிரிதான் நடந்தது. மொத்தமாக வெட்டின இடங்களில் மண் தாழ்ந்து, தண்ணீர் தேங்கி, உப்பு ஏறிப்போனது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, பெரிய வாய்க்காலும் அதிலிருந்து கிளை வாய்க்கால்களுமாக வெட்டி ஓதத்தை உள்ளே விட்டார்கள். அதன் பிறகு நட்டதுதான் பிழைத்தது. கன்று நட்டுப் படம் எடுப்பதைவிட அந்த மண்வெட்டி வேலைதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. கடல்மட்டம் ஏறினால் கண்டல் மெல்ல மெல்ல நிலத்தின் பக்கம் நகரும். பின்னால் வரப்பு, ரோடு, உப்பளம் என்று சுவராக நின்றால் எங்கே நகர்வது?

சாயங்காலம் பாத்தித் தண்ணீரில் தூரத்தில் பூநாரைகள். தம்பி படம் எடுத்தான், எல்லாம் வெள்ளைப் புள்ளியாகத்தான் வந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற மஞ்சள்மூக்கு நாரை நன்றாக விழுந்திருந்தது. இதுதான் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் கூடு கட்டுகிற இனம்.

சாப்பாடு மட்டும் ஏமாற்றம். மீன் சாப்பாடு 160 என்று உட்கார்ந்தால், கடலுக்கு இத்தனை பக்கத்தில் ஐஸில் நாள்பட்ட மீன். ஞாயிற்றுக்கிழமை புது மீனுக்கு எங்கே போவார்கள், அவர்கள் மேலும் தப்பில்லை.

பிப்ரவரி 10, திங்கள்: கொற்கை, திரும்பல்

வீடு திரும்பும் வழியில் கொற்கை. பாண்டியர் துறைமுகம், முத்துக்குப் பேர்போன ஊர். இன்றைக்கு வாழைத்தோட்டம், குளம், பழைய வன்னிமரம், அமைதியான தெரு. கடல் பல கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் இங்கே தோண்டிப் பார்த்தார், 1968-69இல் தொல்லியல் துறையும் தோண்டியது. ஆறு வண்டலைக் கொட்டக் கொட்டத் துறைமுகம் தூர்ந்து, வணிகம் பழையகாயலுக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ எழுதின காயல் அதுதான் என்கிறார்கள். பிறகு அதுவும் தூர்ந்து, புன்னைக்காயல். ஊர்களை இப்படி நகர்த்தின அதே வண்டல்தான் கண்டல் கால் ஊன்றுகிற மண். அணைகளில் தண்ணீர் மட்டும் நிற்பதில்லை, வண்டலும்தான் நிற்கிறது. கொற்கையில் நின்றபோதுதான் இது எனக்கு உறைத்தது.

வன்னிமரத்தடியில் இருந்த ஆச்சி, எந்த ஊர், யார் மக்கள் என்று விசாரித்துவிட்டு, "வெயில்ல எதுக்கு இப்படி அலையிதிய?" என்றார். சொன்னேன். "ஆத்துத் தண்ணி கடலுக்குப் போவலன்னா கடல் இங்க வரும், எங்க மாமியா சொல்லுவா" என்றார் சாதாரணமாக.

திரும்பி வரும்போது ரோடு முழுக்கப் பச்சை. பைக் நடை வேகத்தில்தான் போனது. பாளை மார்க்கெட்டில் களிநண்டு விலை கேட்டேன். கிலோ 900, பெரிசு என்றால் இன்னும் கூட. வாங்கவில்லை. ஏற்றுமதிக்குப் போகிற சாமான், மிச்சம்தான் நமக்கு என்றார் கடைக்காரர்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் மழை ஓய்ந்து மார்ச் முடிவதற்குள் போங்கள், பறவையும் இருக்கும், தண்ணீரும் கொஞ்சம் இருக்கும். ஞாயிறு வேண்டாம். பழைய கேன்வாஸ் ஷூ, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், தொப்பி. தண்ணீர் வற்றும் நேரத்தைப் படகுக்காரரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள், ஓடைக்குள் போகச் சொல்லி என்னைப் போல அடம்பிடிக்காதீர்கள். மே மாதம் மறுபடி போகலாம் என்று இருக்கிறோம், குருத்துகளில் எத்தனை நிற்கிறது என்று பார்க்க. பெட்ரோல் என் செலவு என்றால் வருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான்.